தொழுநோய் ரியாக்ஷன்: சிகிச்சையும் ஆராய்ச்சியும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், சாப்பிட்டு முடித்தவர்கள், அவர்கள் வீட்டார், ஊரில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்துகிடக்கும் பழைய வட ஆற்காடு, தொழுநோய் மருத்துவத்தில் உலகம் அறிந்த மண். 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1962 முதல் குடியாத்தம் வட்டம் அதன் களப்பகுதியாக இருந்தது. அப்படிப்பட்ட மண்ணிலும் ரியாக்ஷனை, அதாவது எதிர்ப்புச் சக்தி திடீரெனப் பாய்வதால் தோலிலும் நரம்பிலும் வரும் வீக்கத்தை, தாமதமாகக் கண்டுபிடித்து விரல் மடங்கிப்போவது இன்னும் நின்றபாடில்லை. கிருமியைக் கொல்லும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. நரம்பு கெடுவது பெரும்பாலும் ரியாக்ஷனில்தான், அதுவும் வாரக்கணக்கில் காத்திருந்துவிடுவதால்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு தேமல் சிவந்து வீங்குகிறது. நோய் முற்றிவிட்டதா?

இல்லை. கிருமி பெருகியதால் வருவதல்ல ரியாக்ஷன். உடலின் எதிர்ப்புச் சக்தி திடீரென விழித்துக்கொண்டு கிருமியின் மேல் பாய்வதால் வருவது. தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாக ஏறத்தாழ 12 முதல் 14 நாள் ஆகும். ஆண்டுக்கணக்கில் அது தோலிலும், நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். செத்த கிருமியின் துண்டுகளும் அங்கேயே பல மாதம், பல வருடம் தங்கும். உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், அவற்றை எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டதும் அந்த இடம் வீங்குகிறது. தோல் வீங்கினால் பெரிய நட்டமில்லை. நரம்பைச் சுற்றி இறுக்கமான உறை இருக்கிறது. அதற்குள் வீக்கம் வந்தால் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு நரம்பு செயல் இழக்கிறது.

அதனால்தான் ரியாக்ஷன் சிகிச்சைக்கு முன்பும் வரலாம், நடுவிலும் வரலாம், முடித்த பிறகும் வரலாம். அதிகம் பார்ப்பது சிகிச்சையின் முதல் ஆறு மாதத்தில்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வருமா?

வராது. ஒரே கிருமிக்கு ஒவ்வோர் உடலும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. 1966-இல் ரிட்லி, ஜாப்லிங் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த முறையில் ஒரு முனையில் டி.டி. வகை. அங்கே டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் எதிர்ப்பு பலமாக இருக்கும், தேமல் ஒன்றிரண்டுதான், கிருமி தேடினாலும் கிடைக்காது. மறுமுனையில் எல்.எல். வகை. அங்கே டி செல்கள் இந்தக் கிருமியைக் கண்டுகொள்வதே இல்லை. ஆன்டிபாடி (இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதம்) ஏராளமாக இருந்தும் பயனில்லை, தோல் முழுக்கக் கிருமி. நடுவில் பி.டி., பி.பி., பி.எல். என மூன்று வகை. இந்த நடுவகைகள் நிலையில்லாதவை.

முதல் வகை ரியாக்ஷன் வருவது இந்த நடுவகைக்காரர்களுக்கு. பழைய தேமலே சிவந்து, தடித்து, சூடாகும். சிலருக்குக் கை, கால், முகம் வீங்கும். முழங்கை, கணுக்கால் நரம்பு வலிக்கும். காய்ச்சல் பெரிதாக இருக்காது.

இரண்டாம் வகையை மருத்துவமனையில் ஈ.என்.எல். என்பார்கள். எல்.எல். வகையினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், பி.எல். வகையினரில் சிலருக்கும் வருகிறது. தோலை லேசாகக் கீறி எடுத்துப் பார்க்கும் தோல் சீவல் பரிசோதனையில் கிருமி எண்ணிக்கை 4 பிளஸ், அதற்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். இதில் பழைய தேமல் அப்படியே இருக்கும். முகம், கை, தொடையில் புதிதாக, தொட்டால் வலிக்கும் சிவப்புக் கட்டிகள் கூட்டமாகக் கிளம்பும். கூடவே காய்ச்சல், மூட்டு வலி, நெறி கட்டுதல், கண் சிவப்பு, விரை வீக்கம், நரம்பு வலி எல்லாம் வரலாம். உடல் முழுவதையும் பிடிக்கும் நோய் இது. தோல் வியாதி என்று மட்டும் நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

அப்படியானால் எம்.டி.டி. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. ரியாக்ஷனுக்குத் தனி மருந்து கொடுத்துக்கொண்டே எம்.டி.டி. அட்டையை, அதாவது கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்தை, தொடர வேண்டும். அதிகக் கிருமி வகைப் பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை ஊழியர் முன்னிலையில் ரிஃபாம்பிசின் 600 மி.கி., குளோஃபாசிமின் 300 மி.கி., டாப்சோன் 100 மி.கி. மற்ற நாட்களில் வீட்டில் குளோஃபாசிமின் 50 மி.கி., டாப்சோன் 100 மி.கி. இப்படி 12 மாதம். நடுவில் நிறுத்தினால் கிருமி தப்பிப் பிழைக்கும். எதிர்ப்புச் சக்திக்கு இரையும் குறையாது.

ரிஃபாம்பிசின் விழுங்கிய நாளில் சிறுநீர் சிவப்பாகப் போவதும், குளோஃபாசிமினால் தோல் கறுப்பதும் ரியாக்ஷன் அல்ல. அந்தக் கறுப்பு, மருந்து முடிந்து சில மாதங்களில் மெல்ல மெல்ல வெளுக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் படியுங்கள். மருந்து தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் உடம்பெல்லாம் அரிப்போடு தடிப்பு, காய்ச்சல், கண் மஞ்சள், கழுத்தில் நெறி என்று வந்தால் அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்தானது. அன்றைய மாத்திரையை விழுங்காமல், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.எல்.ஏ.-பி*13:01 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு இந்த ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் என்று சீனாவில் நடந்த ஆய்வு 2013-இல் காட்டியது. உறுதியானால் டாப்சோன் இல்லாமல் மற்ற மருந்துகளோடு சிகிச்சை தொடரும். மயக்கம், மூச்சு வாங்குதல், வெளிறிய நாக்கு என்றால் டாப்சோனால் இரத்தம் குறைந்திருக்கலாம். அதற்கும் பரிசோதனை வேண்டும்.

எத்தனை நாள் பார்த்துவிட்டுப் போகலாம்?

பார்த்துவிட்டுப் போவதற்கான நோய் இது இல்லை. நரம்பின் செயல் குறைந்து ஆறு மாதத்துக்குள், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. அந்தக் கெடு தாண்டினால் மருந்துக்கு நரம்பு இசைவது அரிது. ஆறு மாதம் என்பது கடைசிக் கெடு. முதல் வாரத்தில் தொடங்குகிறவருக்கும் ஐந்தாம் மாதத்தில் தொடங்குகிறவருக்கும் ஒரே பலன் வராது. தேமல் சிவந்ததும் ஒரு வாரத்துக்குள் போங்கள். நரம்பு வலி, பலக்குறைவு, மரத்துப்போதல், கண் சிவப்பு இவற்றில் எது வந்தாலும் அடுத்த நாளே போங்கள்.

வலியே இல்லை. ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இதுவும் ரியாக்ஷனா?

ஆம். வலிக்காமல், சிவக்காமல் நரம்பு கெடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இட்லித் தட்டைத் தூக்கும்போது சூடு தெரியவில்லை, செருப்பு கழன்று போனதே தெரியவில்லை, பீடி இலை விரலிடுக்கில் நிற்கவில்லை என்றுதான் முதலில் தெரியவரும்.

வட இந்தியாவில் அதிகக் கிருமி வகை நோயாளிகளைப் பின்தொடர்ந்த இன்ஃபிர் ஆய்வில் ஒரு முக்கியமான விஷயம் வெளியானது. நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையில் குறை தெரிவதற்கு 12 வாரம் முன்பிருந்தே நரம்பின் மின்கடத்தலும் வெதுவெதுப்பை உணரும் திறனும் குறைந்திருந்தன. ஆகவே நமக்குத் தெரியும்போது ஏற்கெனவே சில வாரம் ஓடிவிட்டிருக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள் என்கிறோம். ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கண்ணை மெதுவாக மூடுங்கள். இடைவெளி தெரிகிறதா என்று எதிரில் இருப்பவர் பார்க்கட்டும். பிறகு உள்ளங்கையை மேலே காட்டி மேசைமேல் வைத்து, சுண்டு விரலை வெளிப்பக்கமாக விரியுங்கள். அடுத்தவர் தன் விரலால் அதை உள்ளே தள்ளும்போது எதிர்த்து நிற்க வேண்டும். இது முழங்கையின் உள்பக்கம் ஓடும் அல்நார் நரம்புக்கு. அதே நிலையில் கட்டை விரலைக் கூரை நோக்கி உயர்த்துங்கள், இது மணிக்கட்டில் ஓடும் மீடியன் நரம்புக்கு. முஷ்டி பிடித்து மணிக்கட்டை மேலே தூக்குங்கள், இது ரேடியல் நரம்புக்கு. கடைசியாகக் குதிகாலை ஊன்றி, பாதத்தின் முன்பக்கத்தை உயர்த்தி பத்தடி நடங்கள். முடியவில்லை என்றால் முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு கெட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, பால்பாயின்ட் பேனா முனையால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் லேசாகத் தொடச்சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள். போன வாரம் காட்ட முடிந்த இடத்தை இந்த வாரம் காட்ட முடியவில்லை என்றால் அதுவே செய்தி. பேனாவால் அழுத்திக் குத்தக் கூடாது. அழுத்தினால் ஆழத்து உணர்ச்சி பதில் சொல்லி ஏமாற்றிவிடும்.

மருத்துவமனையில் இதையே 0.2 கிராம், 2 கிராம், 10 கிராம் என்று வெவ்வேறு கனமுள்ள நைலான் இழைகளால் அளந்து குறித்துவைப்பார்கள். தசைப் பலத்தைப் பலம், பலவீனம், செயலிழப்பு என்று மூன்றாகப் பிரிப்பார்கள். அந்தக் குறிப்புச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மருந்தின் அளவு முடிவாகும்.

ஸ்டீராய்டு எவ்வளவு, எத்தனை வாரம்?

தேசியத் திட்டத்தில் பெரியவர்களுக்கு வழக்கமாகப் பின்பற்றும் அட்டவணை 12 வாரம்: ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 40 மி.கி. இரண்டு வாரம், பிறகு 30, 20, 15, 10, 5 மி.கி. என்று ஒவ்வொன்றும் இரண்டு வாரம். எடை கிலோவுக்கு 1 மி.கி. என்ற அளவைத் தாண்டாது. முழு அளவையும் காலையில், சாப்பிட்டவுடன் ஒரே வேளையாக விழுங்க வேண்டும். நரம்பு பாதிப்பு இருந்தால் பல மையங்களில் ஐந்து மாதம் வரை நீட்டுவார்கள். கர்ப்பிணி, குழந்தை, சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு அளவு தனி. பக்கத்து வீட்டுக்காரரின் அட்டவணையை நகலெடுக்காதீர்கள்.

மாத்திரையோடு நரம்புக்கு ஓய்வும் வேண்டும். வலிக்கும் முழங்கையை லேசாக மடக்கி, துணி சுற்றிய பட்டையில் தொங்கவிடலாம். இரவில் மெத்தென்ற கட்டை கட்டிக்கொள்ளலாம். வீங்கிய நரம்பின் மேல் எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. உருவினால் வீக்கம் கூடும். கடும் வலி அடங்கியதும் விரல்களை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சி தொடங்கும்.

இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. மாத்திரையை விட்டுவிட்டேன்.

மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். வலியும் சிவப்பும் முதலில் அடங்கும். நரம்புக்குள் வீக்கம் வடிய மாதங்கள் ஆகும். பாதியில் விட்டால் ரியாக்ஷன் திரும்பும், இம்முறை நரம்பு முன்பைவிடக் கெடும். இன்னோர் ஆபத்தும் உண்டு. சில வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டதும் உடல் தானே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்துவிடும். திடீரென நிறுத்தினால் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் வரலாம். படிப்படியாகக் குறைப்பது அதனால்தான். விட்டு எத்தனை நாள் ஆனது என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து பொய் சொன்னால் அளவு தப்பாகும்.

சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் கண்காணிப்போடு. தொடங்குவதற்கு முன் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பார்ப்பார்கள். இருமல், எடை குறைவு இருந்தால் காசநோய் பரிசோதனை முதலில். ஸ்டீராய்டு மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடும். நம் பக்கம் வயலில் வெறுங்காலோடு நடப்பவர்கள் அதிகம், எனவே குடற்புழு நீக்கமும் முக்கியம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு ஸ்டீராய்டின்போது உடல் முழுவதும் பரவி உயிரைக் குடிக்கக்கூடியது. சர்க்கரை ஏறினால் ஸ்டீராய்டைக் குறைப்பதைவிட, இன்சுலினை மாற்றி ஸ்டீராய்டைத் தொடர்வதுதான் வழக்கம். உப்பைக் குறையுங்கள். கறுப்பு மலம், கடும் வயிற்று வலி, மங்கலான பார்வை வந்தால் மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஈ.என்.எல். எனக்கு வந்து வந்து போகிறது. ஏன்?

கிருமித் துண்டுகள் இருக்கும்வரை தூண்டுதலும் இருக்கும். 24 வாரத்துக்கும் மேல் மருந்து தேவைப்பட்டால் அதை நாள்பட்ட ஈ.என்.எல். என்கிறார்கள். மருந்து நிறுத்தி 28 நாளுக்குப் பிறகு மீண்டும் வந்தால் திரும்பிய ஈ.என்.எல். இப்படிப்பட்டவர்கள் ஸ்டீராய்டையே நம்பினால் எடை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். அளவைக் குறைக்கும்போதெல்லாம் கட்டி கிளம்பும்.

அதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, எம்.டி.டி.யில் உள்ள அதே குளோஃபாசிமினை நாளுக்கு 300 மி.கி. என 12 வாரம் வரை கொடுத்து, பிறகு குறைப்பது. வேலை செய்யத் தொடங்கவே நான்கைந்து வாரம் ஆகும். எனவே ஸ்டீராய்டோடு சேர்த்துத் தொடங்கி, ஸ்டீராய்டை இறக்குவார்கள். இரண்டாவது தாலிடோமைடு. 1960-களில் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் தூக்கத்துக்காகக் கொடுத்தபோது, ஈ.என்.எல். கட்டிகள் ஓரிரு நாளில் அடங்குவதைக் கண்டார். கருவில் இருக்கும் குழந்தையின் கை கால்களை உருக்குலைக்கும் அதே மருந்து. ஒரே ஒரு மாத்திரை போதும் அந்தக் கேட்டுக்கு. கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் இரட்டைக் கருத்தடையும் இல்லாமல் கொடுக்கக் கூடாது. வீட்டில் எவரும் எடுத்து விழுங்காதபடி பூட்டிவைக்க வேண்டும்.

கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அது ஐரிடிஸ், கண்ணுக்குள் வரும் வீக்கம். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போடாமல் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

பிரசவம் ஆகி இரண்டு மாதம். இப்போதுதான் தேமல் சிவக்கிறது.

கர்ப்ப காலத்தில் அடங்கியிருந்த டி செல் எதிர்ப்பு, பிரசவத்துக்குப் பின் திரும்பிவரும். முதல் வகை ரியாக்ஷன் அப்போது கிளம்புவது தெரிந்த விஷயம்தான். எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கியவர்களுக்கும் இதே போல வரும். பிரசவமான முதல் ஆறு மாதம் வாரச் சோதனையை விடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

மருந்து முடித்து நாலு வருஷம் ஆகிறது. மறுபடி வந்தது ரியாக்ஷனா, நோயேவா?

ரியாக்ஷன் சில நாளில் திடீரெனக் கிளம்பும், பழைய தேமல் வீங்கும், பெரும்பாலும் சிகிச்சை முடித்த மூன்றாண்டுக்குள் வரும். நோய் திரும்புவது மெதுவாக நடக்கும். புதிய தேமல்கள் வரும், மூன்றாண்டுக்குப் பிறகே அதிகம். உறுதி செய்யத் தோல் சீவல், சதைப் பரிசோதனை வேண்டும். ஐயம் தீராவிட்டால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள். சில வாரத்தில் அடங்கினால் ரியாக்ஷன்.

ஸ்டீராய்டு பலன் தருகிறது என்று தெரிந்த பிறகும் ஏன் ஆராய்ச்சி?

எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்பதெல்லாம் ஊகத்தில் நடந்த காலம் நீண்டது. ஆய்வுகள் சில ஊகங்களை உடைத்தன. பங்களாதேஷிலும் நேபாளத்திலும் நடந்த டிரைபாட் ஆய்வுகளில் ஒன்று, ரியாக்ஷன் வருமுன்னே நோயாளிகளில் ஒரு குழுவுக்கு 20 மி.கி. ப்ரெட்னிசோலோன் கொடுத்துப் பார்த்தது. நான்காம் மாதத்தில் பலன் தெரிந்தது, ஓராண்டில் அது நிலைக்கவில்லை. ஆகவே முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுப்பது வழக்கத்துக்கு வரவில்லை. இன்னொன்று, ஆறு மாதத்துக்கு மேல் பழகிவிட்ட நரம்பு பாதிப்புக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தேறினார்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் தேறினார்கள்! ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் அந்தப் பலனை ஸ்டீராய்டின் கணக்கில் எழுதி, பக்க விளைவை மட்டும் நோயாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

இந்தியாவில் பல மையங்களில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு, ஐந்து மாதம் பெற்றவர்களைவிடக் கூடுதல் ஸ்டீராய்டு அதிகமாகத் தேவைப்பட்டது. தொடக்க அளவைவிடக் கால நீளம் முக்கியம் என்ற கருத்து இதிலிருந்து பலப்பட்டது. அப்படியானால் இன்னும் நீட்டலாமே என்று டென்லெப் ஆய்வு 20 வாரத்தையும் 32 வாரத்தையும் ஒப்பிட்டது. வித்தியாசம் இல்லை. கூடுதலாக மூன்று மாத ஸ்டீராய்டிலிருந்து நோயாளிகளைக் காப்பாற்றியது அந்த முடிவு. இப்படிப்பட்ட ‘வித்தியாசம் இல்லை’ முடிவுகளைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எனக்கு மருந்தே கொடுக்காமல் விட்டுவிடுவார்களா?

பலன் நிரூபணமான சிகிச்சை இருக்கும்போது அதை மறுத்து வெறும் மாத்திரை கொடுக்க நெறிமுறைக் குழு அனுமதிக்காது. பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையோடு புதியதைச் சேர்த்தோ, இரு கால அளவுகளை ஒப்பிட்டோதான் ஆய்வு நடக்கும். நரம்பு மோசமானால் ஆய்வை மீறிக் கூடுதல் ஸ்டீராய்டு கொடுக்கும் விதி முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘நடுவில் பலம் குறைந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கையெழுத்திட வேண்டாம்.

எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்யும், மருத்துவர் அல்ல. தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்க உரிமை உண்டு. படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வினால் கேடு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. ஒப்புதலை ஒலி, ஒளிப் பதிவு செய்யவேண்டிய ஆய்வுகளில்கூட, தொழுநோய், எச்.ஐ.வி. மருந்து ஆய்வுகளுக்கு ஒலிப்பதிவு மட்டும் போதும் என்று அதே விதி சொல்கிறது. முகம் பதிவாகாது. 2009 ஜூன் முதல் இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இரத்தமும் தோலும் எடுக்கிறார்களே, எதற்கு?

ரியாக்ஷன் வருவதை முன்கூட்டிச் சொல்லும் குறியைத் தேடுகிறார்கள். ஐ.பி.-10 என்ற புரதம் முதல் வகை ரியாக்ஷனின்போது இரத்தத்தில் கூடுகிறது. பி.ஜி.எல்.-1 என்ற கிருமிப் பொருளுக்கு எதிரான ஆன்டிபாடி, கிருமி அதிகமுள்ளவர்களிடம் கூடுதலாக இருக்கும். டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்களின் அளவுகளையும் பார்ப்பார்கள். முதல் இரத்தத்தை ஸ்டீராய்டின் முதல் மாத்திரைக்கு முன் எடுப்பது முக்கியம், ஏனென்றால் மாத்திரை உள்ளே போனதும் இந்த அளவுகள் மாறத் தொடங்கும். ஆனால் இரத்தம் எடுக்கும் ஆள் வரவில்லை என்பதற்காக மாத்திரையைத் தள்ளிப்போட அனுமதிக்காதீர்கள். டி செல்களை உயிரோடு பிரிக்க, குழாய் சில மணி நேரத்தில் ஆய்வகம் சேர வேண்டும். வேலூர்க் கோடையில் வண்டியில் வெயிலில் வைத்துவிட்டால் செல்கள் செத்து, கிடைக்கும் எண் பொய்யாகும். களப்பணியாளர்கள் இதில் கவனம் வைக்க வேண்டும்.

தோல் சதை எடுப்பது நாலைந்து மி.மீ. அகலத் துளைக் கருவியால், மரத்துப்போகும் ஊசி போட்டு. ஒரு தையல், ஒரு வாரம் நனையாமல் வைத்தால் ஆறிவிடும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குச் சற்றுத் தாமதமாக ஆறும்.

பீடி சுற்றுகிறேன். கணவர் தோல் ஷாப்பில் வேலை. வேலைக்குப் போகலாமா?

கடும் நரம்பு வலி இருக்கும் வாரங்களில் ஓய்வு. அதன் பிறகு போகலாம். முதல் வேளை எம்.டி.டி.யிலேயே தொற்றும் தன்மை பெரும்பாலும் போய்விடுகிறது, உடன் வேலை செய்பவர்களுக்கு ஆபத்தில்லை. ஆபத்து உங்கள் கைக்குத்தான். பீடி சுற்றும் விரல்நுனியில் உணர்ச்சி குறைந்திருந்தால் கத்தரி வெட்டு தெரியாது. மணிக்கொருமுறை விரலைப் பாருங்கள். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பும் ரசாயனமும் மரத்த தோலைத் தின்றுவிடும். ஓட்டையில்லாத கையுறை, மாலையில் கையை 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைக்காமல் எண்ணெய் தடவுதல், இரண்டும் தினமும் வேண்டும்.

உள்ளங்கால் மரத்தவர்கள் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் உள்ளடி வைத்தது) போடுங்கள். பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர். உணர்ச்சி இல்லாத காலோடு வெறுங்காலில் சுற்றினால் கொப்புளம் வந்ததே தெரியாமல் புண்ணாகி எலும்பு வரை போகும். வேண்டுதலைக் கோயிலுக்குள் தரிசனத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். வெயில் கல்லில் தடித்த காலுறையோடு நடங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு?

எல்லோரையும் பரிசோதித்து, தொழுநோயும் காசநோயும் இல்லை என்று தெரிந்தால் ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு 600 மி.கி. பங்களாதேஷ் ஆய்வில் முதல் இரண்டாண்டில் நோய் வருவது இதனால் 57% குறைந்தது. முழுதாக நிற்கவில்லை என்பதால், மாத்திரை வாங்கியவரும் தேமலைக் கவனிப்பதை விடக் கூடாது. கணவன் மனைவி பிரியத் தேவையில்லை. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் சட்டப் பிரிவுகளும் 2019-இல் நீக்கப்பட்டுவிட்டன.

ஸ்டீராய்டு முடிந்தும் விரல்கள் மடங்கியே இருக்கின்றன. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். வேலை செய்யும் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. தொழுநோயாளிகளுக்கு அதைச் செய்யும் முறை வேலூரில் வளர்ந்து உலகெங்கும் போனது. செயலிழந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், மூன்றாண்டைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. எம்.டி.டி. குறைந்தது ஆறு மாதம் முடித்திருக்க வேண்டும். கடைசி ஆறு மாதமாக ரியாக்ஷனும் ஸ்டீராய்டும் இல்லாமல் இருக்க வேண்டும். நரம்பைத் தொட்டால் வலி கூடாது, விரல் மூட்டு விறைத்திருக்கவும் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் பலர் தவறவிடுகிறார்கள். மடங்கிய விரலை அப்படியே விட்டால் மூட்டு இறுகிவிடும். எனவே இன்றிலிருந்தே கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி, தொடையின்மேல் வைத்து, மற்றொரு கையால் விரல்களை மெல்ல நீவி நிமிர்த்துங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டு, அதன் பிறகு பல வாரம் பிசியோதெரபி. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுப்பது அந்தப் பயிற்சியில்தான், எனவே அதற்கும் விடுப்புச் சொல்லிவிட்டு வாருங்கள்.